பாடல் ஒன்று, கைகள் பல

கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலி. ஆலயத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, குடிலின் மேல் மட்டும் ஒரு சிறு வெளிச்சத்தை விட்டுவைப்பது நம் பங்குகள் பலவற்றில் வழக்கம். குழந்தை இயேசுவின் திருவுருவத்தைக் குடிலில் வைக்கும்போது பாடகர் குழு மெல்லத் தொடங்கும் பாடல் எதுவென்று சொல்லத் தேவையில்லை. அமைதியான இரவைப் பற்றிய அந்த ஆஸ்திரியப் பாடலை நம் தாத்தா பாட்டியரும் தமிழில் பாடியிருக்கிறார்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பிகூட அந்த நேரத்தில் ஒலியைக் குறைத்துக்கொள்வார். (மற்ற நேரங்களில் குறைப்பாரா என்று கேட்டுவிடாதீர்கள்.)

அந்தப் பாடல் யாருடையது? கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். ஒன்று, பாட்டெழுதிய அருள்பணியாளரின் பெயர்; இல்லையேல், மெட்டமைத்த ஆசிரியரின் பெயர். உண்மையில் அது இருவருடைய பாடல். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த இருவரும் அறியாத பலருடைய பாடலும்கூட.

இதை இப்போது நாம் சிந்திக்கக் காரணம் உண்டு. இன்று ஒருவரே பாட்டெழுதி, அவரே மெட்டமைத்து, கணினியில் அவரே தாளமும் வயலினும் குழலும் சேர்த்து, அவரே பாடி, அவரே வெளியிட்டுவிட முடிகிறது. இது நல்ல வசதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்னொருவரிடம் கொண்டுபோய், "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று நீட்டவேண்டிய தேவை இதனால் இல்லாமல் போய்விட்டது. அந்தத் தேவையோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போய்விட்டது என்பதை அறிய, அந்த ஆஸ்திரியப் பாடல் பிறந்த கதையே போதும்.

ஜோசப் மோர் 1792இல் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தாய் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண். தந்தை ஒரு படைவீரர். குழந்தை பிறப்பதற்கு முன்பே படையைவிட்டு ஓடிப்போனவர். திருமணத்திற்குப் புறம்பே பிறந்த பிள்ளை என்பதால், மோர் குருவாவதற்குத் திருச்சபையிடம் தனி விலக்கு பெறவேண்டியிருந்தது. பேராலயத்தைச் சேர்ந்த ஓர் அருள்பணியாளர் அவரது குரலைக் கண்டு படிக்கவைத்தார். 1815இல் குருத்துவம் பெற்ற மோர், மரியாஃபார் என்னும் மலையூரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, 1816ஆம் ஆண்டு ஆறு பத்திகளில் ஒரு கவிதை எழுதினார். நெப்போலியன் காலத்துப் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. அந்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, பயிர்கள் பொய்த்தன. அந்த நாள்களில் அமைதியைப் பற்றி எழுதிய கவிதை அது.

எழுதியபின் அந்தக் கவிதை என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஆண்டுகள் காகிதமாகவே கிடந்தது.

1817இல் மோர் ஓபர்ன்டோர்ஃப் என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். சால்சாக் ஆற்றங்கரையில், உப்பு ஏற்றிச் செல்லும் படகுக்காரர்கள் வாழ்ந்த ஊர். 1816இல் அந்த ஆறே பவேரியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லையாக்கப்பட்டதால், அக்கரையில் இருந்த தாய்ப்பங்கிலிருந்து பிரிந்து, புனித நிக்கோலாஸ் ஆலயத்தை மையமாகக் கொண்ட புதிய பங்காக அது உருவாகியிருந்தது. பக்கத்து ஊரான ஆர்ன்ஸ்டோர்ஃபில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் பிரான்ஸ் சேவியர் குரூபர். நெசவாளி ஒருவரின் மகன். மோரைவிட ஐந்து வயது மூத்தவர். ஓபர்ன்டோர்ஃப் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பொறுப்பையும் அவர் கவனித்துவந்தார்.

1818 டிசம்பர் 24. மோர் தம் கவிதையைக் குரூபரிடம் கொடுத்து, இதற்குப் பொருத்தமான மெட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டார். அன்று மாலையே குரூபர் மெட்டை முடித்துக் கொடுத்தார். அன்றிரவே அது ஆலயத்தில் பாடப்பட்டது. மோர் உயர்ந்த ஆண்குரலில் பாடியபடி கித்தார் வாசிக்க, குரூபர் தாழ்ந்த ஆண்குரலில் சேர்ந்து பாடினார். ஒவ்வொரு பத்தியின் கடைசி வரிகளையும் பாடகர் குழு நான்கு குரல்களில் திருப்பிப் பாடியது.

(ஆலயத்தின் ஆர்கனை எலி கடித்துவிட்டதால்தான் கித்தார் வந்தது என்றொரு கதை மறைக்கல்வி வகுப்புகளில் சொல்லப்படுவதுண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் குரூபர் தம் கைப்பட எழுதிய குறிப்பில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை.)

இங்கே சற்று நின்று பார்ப்போம். மோர் இசை தெரியாதவர் அல்லர். சிறு வயதிலிருந்தே பாடகர் குழுவில் பாடியவர். கித்தார் மீட்டத் தெரிந்தவர். இரண்டு ஆண்டுகளில் என்றாவது ஒரு மாலையில் தாமே ஏதோ ஒரு மெட்டைக் கட்டிப் பாடியிருக்க முடியும். இரண்டு ஆண்டுகள் காகிதமாகக் கிடந்தது, இன்னொருவர் கைக்குப் போன ஒரே நாளில் பாடலாகிவிட்டது. சேர்ந்து உழைப்பதன் பயன் என்ன என்று கேட்பவருக்கு முதல் பதில் இதுதான். நம் வீட்டு மேசை அறைகளில், பழைய நாட்குறிப்பேடுகளில் எத்தனை பாடல்கள் இப்படிக் கிடக்கின்றன!

மோர் கேட்ட விதத்தையும் கவனிக்கவேண்டும். குரூபரின் குறிப்பின்படி, "ஏதாவது மெட்டுப் போடுங்கள்" என்று அவர் கேட்கவில்லை. இரண்டு தனிக் குரல்கள், ஒரு பாடகர் குழு, கித்தார் துணை என்று தெளிவாகக் கேட்டார். பாடப்போகிறவர்கள் யார், கையில் இருக்கும் கருவி எது என்பதைச் சொன்னார். மெட்டு எப்படி இருக்கவேண்டும் என்பதைக் குரூபரிடமே விட்டுவிட்டார். சேர்ந்து வேலை செய்து கசப்பில் முடிந்த பல முயற்சிகளில் இதுதான் தலைகீழாக நடந்திருக்கும். தேவை என்ன என்பதைச் சொல்லமாட்டோம். ஆனால் மற்றவர் செய்து முடித்தபின் ஒவ்வொரு சுரத்தையும் திருத்துவோம்.

குரூபரும் அந்த எல்லைக்குள் நின்றே மெட்டமைத்தார். சில மணி நேரத்தில் கற்றுப் பாடவேண்டிய பாடகர்களுக்கு எது இயலுமோ அதைக் கொடுத்தார். அவர்கள் திருப்பிப் பாடவேண்டியது கடைசி வரிகளை மட்டுமே. முதல் பத்தியைக் கேட்டவர் இரண்டாம் பத்திக்குள் அதைப் பிடித்துக்கொள்ளலாம். தாலாட்டுப்போல் அசையும் அந்தத் தாளத்தை இன்று சிறு பிள்ளையும் பாடுகிறது. தம் திறமையையெல்லாம் காட்டவேண்டும் என்று அவர் நினைத்திருந்தால், அன்றிரவே அது மறக்கப்பட்டிருக்கும்.

எங்கள் பாடகர் குழுவில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லலாம். பல ஆண்டுகளுக்கு முன், பங்குத் திருவிழாவுக்காகப் புதிதாக ஒரு காணிக்கைப் பாடல் செய்தோம். பாட்டெழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மெட்டமைத்தவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். பல்லவியில் 'வரம்' என்றொரு சொல். மெட்டு அந்த இடத்தில் மேலே ஏறி, 'வ' என்ற எழுத்தின்மேல் இரண்டு தட்டு நின்றது. பாடிப் பார்த்தோம், இனிமையாகத்தான் இருந்தது. ஆசிரியர் மட்டும் முகம் சுளித்தார்.

"தம்பி, ஆண்டவர்கிட்ட வரம் கேக்கச் சொன்னா, நீங்க வாரம் கேக்குறீங்க. ஒரு வாரம் லீவு கேக்குற மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்துவிட்டோம். இளைஞருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப வார்த்தைய மாத்திக்கிடுங்க சார். மெட்ட மாத்த முடியாது" என்றார். ஆசிரியரோ, எழுதிய சொல்லை மாற்றுவதில்லை என்றார். திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இரண்டு பயிற்சிகளில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

தமிழில் பாடல் செய்கிறவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. குறில் நீண்டால் பொருளே மாறிவிடும் மொழி நம்முடையது. கல் காலாகும், படி பாடியாகும், விடு வீடாகும். மெட்டில் ஆழ்ந்திருப்பவர் காதுக்கு இது எட்டாது. சொல்லில் ஆழ்ந்திருப்பவர் காதுக்குச் சுருக்கென்று தைக்கும். அதேபோல, சொல்லில் ஆழ்ந்திருப்பவர் அழகான நீண்ட சொற்றொடர் ஒன்றை எழுதிவிட்டு, பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று யோசிக்காமல் போய்விடுவார். ஒருவரே இரண்டையும் செய்தால் ஏதாவது ஒரு காது உறங்கிவிடும். இரண்டு பேர் தேவைப்படுவது இதற்காகத்தான். ஒருவருக்குத் திறமை போதவில்லை என்பதல்ல காரணம். தம் குழந்தையின் குறை எந்தத் தாய்க்கும் எளிதில் தெரிவதில்லை.

எங்கள் பாடலின் சிக்கலைத் தீர்த்துவைத்தவர் பாடகர் குழுவிலேயே இல்லாத ஒரு பாட்டி. மாலை செபமாலைக்கு முன்னதாக வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து எங்கள் பயிற்சியைக் கேட்டுக்கொண்டிருப்பவர். அன்று எழுந்து வந்து, "மேல போற அந்த எடத்துல நாங்க வாய மூடிக்கிறோம்ப்பா, நீங்களே பாடிக்கிடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உதவி செய்வதாக நினைத்தே சொன்னார். அந்தச் சொல் இளைஞரைத் தொட்டுவிட்டது. மறுநாள் அவர் அந்த உச்ச சுரத்தைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். ஆசிரியரும் இரவெல்லாம் யோசித்து, 'வரம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆசி' என்று போட்டு வந்தார். நெடிலில் தொடங்கும் சொல். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒருவர் மற்றவருக்காகச் செய்துவந்த மாற்றத்தை இருவரும் ஒரே நேரத்தில் நீட்டியபோது, எங்களில் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பாடலை மக்கள் இன்னும் பாடுகிறார்கள். பாட்டி இப்போது இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில் இரண்டு இடங்களை இங்கே நினைவுகூரலாம். திருவழிபாட்டில் ஒவ்வொருவரும் தமக்குரிய பணியை முழுமையாகச் செய்யவேண்டும், பிறருடையதைத் தாமே எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது 28ஆம் எண். பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்லும் 114ஆம் எண், இறைமக்கள் அனைவரும் பாடலில் பங்கேற்க வழிசெய்வது மேய்ப்பர்களின் கடமை என்றும் அதே மூச்சில் சொல்கிறது. பின்வரிசைப் பாட்டியும் அந்தப் பாடலின் உறுப்பினர்தான். அவரால் பாட முடியாத இடத்தில் பாடல் இன்னும் முடிக்கப்படவில்லை என்று பொருள்.

திருப்பாடல்களைத் திறந்து பார்த்தால், ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றின் தலைப்பில் அது பாடகர் தலைவர்க்கு உரியது என்ற குறிப்பு இருக்கும். நாம் பெரும்பாலும் அதை வாசிக்காமலே தாண்டிவிடுகிறோம். கவிதையை இன்னொருவர் கையில் ஒப்படைத்ததற்கான அடையாளம் அது. முதல் குறிப்பேடு 25ஆம் அதிகாரத்தில் ஆசாபு, ஏமான், எதுத்தூன் ஆகியோரின் வழியில் 288 பாடகர்களுக்குப் பணிமுறை வகுக்கப்படுகிறது. சிறியவர் பெரியவர், ஆசிரியர் மாணவர் என்ற வேறுபாடின்றிச் சீட்டுப் போடுகிறார்கள். மூத்த பாடகர்தான் திருவிழாவில் பாடவேண்டும், புதிதாக வந்தவர் சாதாரண ஞாயிறுகளில் பாடட்டும் என்று எழுதாத சட்டம் வைத்திருக்கும் நம் குழுக்களுக்கு இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினால் நல்லது.

மீண்டும் ஆஸ்திரியாவுக்குப் போவோம். பாடல் பிறந்த கதையைவிட, அது பரவிய கதை நமக்கு அதிகம் சொல்கிறது.

1819இலேயே மோர் ஓபர்ன்டோர்ஃபிலிருந்து மாற்றப்பட்டார். இருவரும் ஒரே பங்கில் சேர்ந்து பணிசெய்தது இரண்டு ஆண்டுக்கும் சற்றுக் கூடுதலான காலமே. பாடல் அந்த ஊரோடு நின்றிருக்கலாம். ஆனால் ஓபர்ன்டோர்ஃபின் ஆர்கனைப் பழுதுபார்க்க வந்துபோன கார்ல் மாவுராகர் என்ற கைவினைஞர், பாடலைத் தம் சொந்தப் பகுதியான சில்லர்டால் பள்ளத்தாக்குக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து ஸ்ட்ராசர் என்ற குடும்பத்தார் அதை எடுத்துக்கொண்டார்கள். கையுறை விற்க ஊர் ஊராகச் சந்தைகளுக்குப் போகிறவர்கள் அவர்கள்; போகுமிடமெல்லாம் பாடுவார்கள். 1830களின் தொடக்கத்தில் லைப்சிக் நகரத்து மக்கள் அதைக் கேட்டு மயங்கினார்கள். 1839இல் ரைனர் என்ற இன்னொரு பாடகர் குடும்பம் அதை நியூயார்க் வரை கொண்டுபோனது. ஆர்கன் பழுதுபார்ப்பவர், கையுறை வியாபாரிகள், மேடைப் பாடகர்கள்: இவர்கள் எவரும் மோரும் குரூபரும் தேர்ந்தெடுத்த கூட்டாளிகள் அல்லர். ஆனாலும் இவர்கள் இல்லாமல் அந்தப் பாடல் நம் பங்குகளுக்கு வந்திருக்காது.

அவர்கள் அதைச் சும்மா கொண்டுபோகவும் இல்லை. வாய்க்கு வாய் மாறியபோது மெட்டில் சில இடங்கள் மாறின. ஆறு பத்திகளில் மூன்றே நிலைத்தன. இன்று நாம் பாடுவது குரூபர் எழுதிய அதே மெட்டு அல்ல. படைத்தவருக்கு இது வலிக்கும் செய்தி. பலர் கைபடும் எதற்கும் இந்த விலை உண்டு, அதை மறைப்பதற்கில்லை. இதைவிடப் பெரிய விலையும் ஒன்று இருந்தது. பாடல் பரவப் பரவ, செய்தவர்களின் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. 'சில்லர்டால் நாட்டுப்பாடல்' என்றே பலரும் நினைத்தார்கள். வேறு சிலர், இவ்வளவு நல்ல பாடல் ஒரு பெரிய இசைமேதையுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, மிக்கேல் ஹைடனின் பெயரைச் சொன்னார்கள். ஒரு கிராமத்து ஆசிரியரும் ஓர் உதவிப் பங்குத்தந்தையும் செய்திருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1854இல் பெர்லின் அரசவை இசைக்குழுவிலிருந்து சால்ஸ்பர்க்கின் புனித பேதுரு மடத்துக்கு ஒரு விசாரணை வந்தது. இந்தப் பாடல் மிக்கேல் ஹைடனுடையதா, மூலப்பிரதி உண்டா என்று கேட்டிருந்தார்கள். செய்தி குரூபருக்கு எட்டியது. அப்போது அவர் ஹல்லைன் நகரில் பாடகர் குழுத் தலைவராக இருந்தார், வயது 67. மோர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. 1848 டிசம்பர் 4 அன்று, வாக்ரைன் என்ற மலைக்கிராமத்தில், சொத்து ஏதுமின்றி இறந்திருந்தார். கையில் வந்ததையெல்லாம் ஏழைகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்ட மனிதர்.

இப்போது குரூபர் என்ன எழுதினாலும் மறுத்துச் சொல்ல ஆளில்லை. "பாடல் என்னுடையது" என்று ஒரு வரி போதும்; அது முழுப் பொய்யும் அல்ல. 1854 டிசம்பர் 30 அன்று அவர் எழுதிய குறிப்பின் முதல் வாக்கியம், 1818 டிசம்பர் 24 என்ற நாளைச் சொல்லி, உடனே ஜோசப் மோரின் பெயரைச் சொல்கிறது. அவர் கவிதையைக் கொடுத்தார், மெட்டு வேண்டும் என்று கேட்டார். தம்மைப் பற்றிக் குரூபர் அதற்குப் பிறகுதான், அதுவும் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல், சொல்கிறார். லைப்சிக்கில் அச்சான பாடல் தொகுப்பில் மெட்டு சற்று மாறியிருக்கிறது என்று குறிப்பிட்டு, மூல வடிவத்தை இணைத்திருக்கிறார். மாற்றியவர்கள்மேல் சினம் எதையும் காட்டவில்லை.

மோர் பக்கத்துச் சாட்சி வெளிவர இன்னும் 141 ஆண்டுகள் ஆயின. 1995இல் சால்ஸ்பர்க்கில் ஒரு பழைய இசைத்தாள் கண்டெடுக்கப்பட்டது. மோர் தம் கைப்பட எழுதியது; 1820ஆம் ஆண்டையொட்டியது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். கவிதை 1816இல் எழுதப்பட்டது என்பதே அந்தத் தாளில் மோர் இட்டிருந்த ஆண்டைப் பார்த்துத்தான் உறுதியாயிற்று. அதன் மேற்பகுதியில், மெட்டு பிரான்ஸ் சேவியர் குரூபருடையது என்று மோர் எழுதியிருக்கிறார். தம் பெயரைக் கீழே, ஓர் ஓரத்தில் போட்டிருக்கிறார். பாடல் பெயர் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, யாரும் கேட்காதபோதே எழுதி வைத்தது அது. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருப்பார் என்று சொல்வதற்கும் இல்லை.

நம் பங்குகளின் பாடல் ஏடுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எத்தனை பாடல்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது? நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகப் பாடும் பாடல்களை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று தெரியாமல் கைப்பிரதிகளில் நகலெடுத்துக்கொண்டே வருகிறோம். இறைவனுக்காகச் செய்தது, பெயர் எதற்கு என்று சொல்கிறோம். பணிவான பேச்சுத்தான். ஆனால் அந்தப் பணிவை மற்றவர் பெயரின்மேல் காட்டும் உரிமை நமக்கு உண்டா? சேர்ந்து உழைக்கத் தயங்குகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். "எழுதினது நான், பேரு வேறொருத்தருக்குப் போச்சு" என்ற பழைய காயம் ஒன்று பலரிடம் இருக்கும். அவர்களுடைய அறைக்கதவு சாத்தப்பட்டது அங்கேதான்.

எங்கள் குழுவின் பாட்டு நோட்டில் அந்தக் காணிக்கைப் பாடலுக்குக் கீழே ஆசிரியர் பெயரும் இளைஞர் பெயரும் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் நோட்டு நைந்துபோய் புதிதாக எழுதியபோது, இளைஞர் (இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது) மூன்றாவதாகப் பாட்டியின் பெயரையும் சேர்த்தார்.

மோர் அன்றிரவு வாசித்த கித்தார் இன்னும் இருக்கிறது. ஹல்லைனில் குரூபர் கடைசிவரை வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அந்தக் கித்தாரை அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.